கபர்ஸ்தான் மணலும் கொழிஞ்சாம்பாறைத் தரிசும்

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் எனக்கு ஹார்டுவேர் கடை இருக்கிறது. பிவிசி குழாய், பெயிண்ட், ஆணி, தாழ்ப்பாள் விற்பவனுக்கும் செடிகொடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒன்றும் கிடையாது. எனக்குத் தெரிந்த பச்சை பெயிண்ட் டப்பாவில் இருக்கும் பச்சைதான். ஆனால் என் மனைவி தாவரவியல் டீச்சர். நாற்பது வயதுக்கு மேல், பள்ளிக்கூட வேலையை விடாமலேயே, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். அந்த ஆராய்ச்சியில் ஒரு பாதியை முட்டி போட்டுச் செய்தவன் நான்.

நான் மலையாளப் பள்ளியில் படித்தவன். வீட்டில் பேசும் தமிழை எழுத்தில் கொண்டுவரக் கை தடுமாறும். கொழிஞ்சாம்பாறையில் தமிழில் படித்த அவள்தான் இதைப் பிழை திருத்தித் தந்தாள். அவளைப் புகழ்ந்திருந்த இடங்களில் நாலைந்தை அடித்தும் விட்டாள். மீதி இருப்பது இவ்வளவு.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி கேட்பதற்கு எளிது. மண்ணைக் கிளறினால் அங்கே முளைக்கிற செடி வகைகள் கூடுமா, குறையுமா? அதுவும் தண்ணீர் தங்காத வறண்ட இடங்களில் என்ன ஆகும்? அவள் பிறந்த கொழிஞ்சாம்பாறை பாலக்காட்டின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. கேரளத்து மழை அங்கே போய்ச் சேர்வதற்குள் களைத்துவிடும். அதனால் ஒரு களம் அங்கேயே கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு களம் வேண்டும் என்றார் அவளுடைய வழிகாட்டியான பேராசிரியர். வாராவாரம் ரயில் ஏற முடியாது என்பதால் வீட்டுக்குப் பக்கத்திலேயே தேடினாள்.

"கொச்சியில உணங்கின எடமா? டீச்சரே, செருப்பை ஒரு வாரம் வெளிய வெச்சா அதுல பாசி பிடிக்கற ஊரு இது" என்று நான் சிரித்தேன்.

"எவ்வளவு மழை பெய்யுதுங்கறது இல்லீங்க. பெஞ்ச தண்ணி மண்ணுல நிக்குதான்னு பாக்கோணும். கடலோர மணல்ல விழுந்தது மறுநாளே எறங்கிப் போயிருது. மார்ச் மாசம் உங்க கபர்ஸ்தான்ல செருப்பில்லாம நின்னு பாருங்க, தெரியும்" என்றாள்.

எங்கள் பள்ளிவாசல் சின்னது. மிளகும் சுக்கும் வியாபாரம் செய்ய வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்துவது. அதன் பின்னால் மதில் சுற்றிய மணல் திடல்தான் கபர்ஸ்தான். ஒரு மூலையில் வெகு காலமாக யாரையும் அடக்கவில்லை. நடுவில் வருடத்துக்குச் சில குழிகள் வெட்டப்படும். வாசல் பக்கம் ஜனங்கள் நடந்து நடந்து மண் இறுகிக் கிடக்கும். வெட்டாத மண், எப்போதாவது வெட்டுகிற மண், ஓயாமல் மிதிபடுகிற மண் என்று மூன்று விதமும் ஒரே மதிலுக்குள் இருந்தன. இப்படி ஒரு இடம் கிடைக்க ஆராய்ச்சிக்காரர்கள் தவம் கிடப்பார்கள் என்றாள்.

ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பள்ளிவாசலில் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போகும் வழக்கமில்லை. அவள் அதற்காக யாரோடும் வாதாடவில்லை. "நீங்க போங்க" என்றாள் என்னிடம், கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொல்வதைப் போல. தொழுகை நடத்தும் உஸ்தாதிடம் கேட்டேன். கபர் மேல் கால் படக்கூடாது, எதையும் வேரோடு பிடுங்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு அவர் சம்மதித்தார்.

கடையில் கிடந்த அரை இஞ்ச் குழாயை அறுத்து, நாலு மூலைக்கும் எல்போ போட்டு ஒட்டி, ஒரு மீட்டர் சதுரச் சட்டம் செய்தேன். திடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, குலுக்கிய சீட்டில் வந்த கட்டத்தில் அதை வைத்து, சட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு செடியையும் போனில் வீடியோ காலில் காட்ட வேண்டும். மறுமுனையில் அவள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதிக்கொள்வாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே திட்டு வாங்கினேன். நீலப் பூ பூத்த ஒரு குட்டிக் கொடி அழகாக இருந்ததால் சட்டத்தைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தேன்.

"அங்க வெக்கச் சொல்லிச் சீட்டு வந்துச்சா?"

"இல்ல, இங்க பூவிருக்கு. நல்லாருக்கு பாரேன்."

"பூ இருக்கற எடமாப் பாத்து வெச்சா மொத்தமும் பொய்யாப் போயிருமுங்க. சீட்டுல எந்த எடம் வந்துச்சோ அங்கதான் வெக்கோணும். ஒண்ணுமே இல்லாத வெறும் மணலா இருந்தாலும் சரி."

அதன் பிறகு சீட்டில் வந்த கட்டத்தில்தான் சட்டம். பல நாள் அதில் இரண்டு புல்லும் ஓர் எறும்புப் புற்றும்தான் இருக்கும். அதையும் அவள் மரியாதையோடு குறித்துக்கொள்வாள். "இலையோட பின்பக்கத்தைக் காட்டுங்க. கையை எடுங்க, வெரல் மறைக்குது. அந்தத் தண்டுல முடி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கபர்ஸ்தானில் குனிந்து, தரையோடு போனைப் பிடித்து, "முடியிருக்கு, முடியிருக்கு" என்று நான் கத்துவதை மதிலுக்கு அப்பால் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

விரைவிலேயே ஒரு பேச்சு கிளம்பியது. நான் கபர்ஸ்தானில் இடம் அளக்கிறேனாம். என் குடும்பத்துக்கு முன்கூட்டியே நல்ல இடமாகப் பிடித்து வைக்கிறேனாம். கடைக்கு வந்த ஒருவர் நேரிலேயே கேட்டார்: "இக்கா, உங்களுக்கு என்னவாச்சும் சூக்கேடா?" நோய் ஒன்றுமில்லை, புல் எண்ணுகிறேன் என்றேன். அவர் இன்னும் அதிகமாகக் கவலைப்பட்டார்.

முதல் மழைக்காலம் முடிந்தபோது எனக்கே விஷயம் பிடிபடத் தொடங்கியது. வெட்டாத மூலையில் கம்யூனிஸ்ட் பச்சை என்று எங்கள் ஊரில் சொல்லும் புதர் ஆளுயரத்துக்கு நின்றது. அதற்கடியில் வேறெதுவும் தலைகாட்டவில்லை. வாசல் பக்கத்தில் மிதியைத் தாங்கும் அருகம்புல்லும் நெருஞ்சியும் மட்டும். நடுவில்தான் திருவிழா. சமீபத்தில் மூடிய கபரின் மணலில் ஒரு வகைக் கூட்டம், இரண்டு மழை பார்த்த கபரின் ஓரத்தில் இன்னொரு கூட்டம். தும்பை, சிறுபூளை, முயல்செவி, பூவாங்குறுந்தல், கீழாநெல்லி, நான் ஆசைப்பட்ட அந்த நீலப் பூ விஷ்ணுகிராந்தி. கர்க்கடகம் என்கிற ஆடி மாதத்தில் பஜாரில் கட்டுக் கட்டாக விற்பார்களே பத்துப் பூச்செடிகள், அதில் பாதிக்கு மேல் எங்கள் முன்னோர்களின் கால்மாட்டில் முளைத்துக் கிடந்தது.

"குழி வெட்டறப்ப அடியில தூங்கற விதை மேல வருதுங்க. வலுத்த செடி ஒண்ணு எடத்தையெல்லாம் பிடிச்சுக்காம அப்பப்ப ஒரு வெளி கெடைக்குது. ரொம்ப வெட்டினாலும் ஆகாது, வெட்டாமயே விட்டாலும் ஆகாது" என்றாள்.

அப்படியானால் ஆராய்ச்சி முடிந்தது என்று நினைத்தேன். அவளோ பையை எடுத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்குக் கிளம்பினாள். கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன்.

அவள் அப்பாவுக்கு அங்கே கல்லும் முள்ளுமாக ஒரு தரிசு இருந்தது. பாறை அதிகம் என்று யாரும் அதில் ஏர் வைத்ததில்லை. அதை ஒட்டிய நிலத்தை வீட்டு மனை போடுவதற்காக ஒருத்தர் வாங்கி, ஜேசிபியால் நிரவிப் போட்டிருந்தார். மனை விற்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். நிரவிய பக்கம் முழுக்கப் பார்த்தீனியம் வெள்ளையாகப் பூத்து நின்றது. அங்கங்கே எருக்கு. எங்கள் கபர்ஸ்தான் கணக்குப்படி கிளறிய மண்ணில் வகை கூடியிருக்க வேண்டும். இங்கே தலைகீழாக இருந்தது. தரிசில்தான் ஆவாரை, கொழுஞ்சி, பேர் தெரியாத பத்துப் பதினைந்து பொடிச் செடிகள்.

"இதென்ன உன் கணக்கு காலை வாரிடுச்சு?" என்றேன்.

அவள் தரிசில் ஓரிடத்தில் உட்கார்ந்தாள். செடிகளுக்கு இடையே வெறும் மண் என்று நான் நினைத்த இடம் கறுத்து, பொருக்குத் தட்டி, காய்ந்த தோல் மாதிரி இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் மேல் கொஞ்சம் ஊற்றினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறுப்பு மெல்ல மெல்லப் பச்சையானது. மண் பச்சையாவதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

"இது வெறும் மண்ணில்லீங்க. கண்ணுக்குத் தெரியாத பாசியெல்லாம் சேந்து பின்னின தோலு. காத்து மண்ணை அள்ளிட்டுப் போகாம இதுதான் பிடிச்சு வெக்குது. ஒரு தடவை கிழிஞ்சா இங்க பெய்யற மழைக்கு அது மறுபடி வளரப் பல வருசமாகும். அதுக்குள்ள பார்த்தீனியம் உள்ள நொழஞ்சிரும். உங்க கபர்ஸ்தான்ல காயம் ஒரு மழையில ஆறிருது. இங்க ஆறாது."

நான் கால் வைத்திருந்த இடத்தைப் பார்த்தேன். செருப்பின் அச்சில் அந்தத் தோல் நொறுங்கியிருந்தது. அன்று முழுவதும் பாறை பாறையாகத் தாவியே நடந்தேன். என் மச்சினன்மார்கள் வேலியோரம் நின்று சிரித்தார்கள்.

பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு இடமும் ஒரே விதியைச் சொன்னால்தான் ஆராய்ச்சி எடுப்பாக இருக்கும், கொழிஞ்சாம்பாறையை விட்டுவிடு என்றார். அவள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தன் நோட்டுகளையே புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மீன் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நான் ரெண்டையும்தான் எழுதுவேன். ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகலீங்கறதுதான் நான் கண்டுபிடிச்சதே." அதையே அவரிடமும் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதர். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

இதற்கிடையில் ஊரில் வேறொன்று நடந்தது. பள்ளிவாசல் கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் ஒரு யோசனை கொண்டுவந்தார். கபர்களுக்குப் போய் ஓத எல்லோரும் வரும் பராஅத் இரவுக்கு முன்னால் கபர்ஸ்தான் முழுவதையும் ஜேசிபி வைத்து மேலாகச் சுரண்டி, செம்மண் அடித்து, பஃபலோ என்ற அலங்காரப் புல் பதிக்க வேண்டும். நானும் கமிட்டியில் இருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காடு பிடிச்சுக் கிடக்குது. வயசானவங்க சியாரத்துக்கு வந்தா கால்ல முள்ளு. பாம்பும் உண்டு. நம்ம ஆளுங்க உறங்கற எடம், ஒண்ணு சுத்தமா, வ்ருத்தியா இருக்கட்டேன்னுதானே சொல்றேன்."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவருடைய வாப்பா அங்கேதான் இருக்கிறார். ஆனாலும் நான் வீட்டுக்கு ஓடி வந்து, "எல்லாம் போச்சு. நாளைக்கே போய்ச் சண்டை போடறேன்" என்றேன்.

அவள் கணக்கு நோட்டை எடுத்து விரித்தாள்.

"சண்டை எதுக்குங்க? முழுசையும் ஒரேயடியாப் பண்ண வேண்டாம், மொதல்ல வாசல் பக்கம் ஒரு பட்டை மட்டும் பண்ணிப் பாக்கலாம்னு சொல்லுங்க. அவங்க பண்ணட்டும். அதையும் நாம எண்ணுவோம்."

தன் களத்தை அழிக்க வருகிறவரையும் ஆராய்ச்சிக்குள் சேர்த்துக்கொண்ட ஒரே ஆள் இவளாகத்தான் இருப்பாள். கமிட்டியில் அப்படியே சொன்னேன். செலவும் குறையும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். வாசல் பக்கப் பட்டை சுரண்டப்பட்டது. லாரியில் செம்மண் வந்தது. புல் பதித்தார்கள். பராஅத் இரவில் வந்தவர்கள் எல்லாம், மாஷா அல்லாஹ், எவ்வளவு அழகு என்றார்கள். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. அந்தப் பட்டையிலும் சீட்டு எடுத்து என் சட்டத்தை வைத்தேன். "ஒரே புல்லு" என்றேன் போனில். "எழுதிக்கிட்டேன்" என்றாள்.

வெயில் ஏறியது. செம்மண்ணுக்குக் கீழே இருப்பது மணல்தானே. ஊற்றிய தண்ணீரெல்லாம் கீழே இறங்கிப் போனது. புல் மஞ்சளாகி, பிறகு பாய் மாதிரிக் காய்ந்தது. மழை வந்ததும் புல்லுக்குப் பதிலாக வேறொன்று வந்தது. லாரி மண்ணோடு எங்கிருந்தோ சேர்ந்து வந்த ஆனத்தொட்டாவாடி. தொட்டாற்சுருங்கியின் பெரிய ஜாதி. தண்டெல்லாம் வளைந்த முள். ஓணம் முடிவதற்குள் அது பட்டையை முழுவதுமாக மூடிவிட்டது. வாசலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைக்க முடியவில்லை. நடுத் திடலில் மட்டும் தும்பையும் சிறுபூளையும் ஒன்றும் நடக்காதது போல் பூத்திருந்தன.

செயலாளர் ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். சாயா குடித்து முடிக்கும்வரை வேறு ஏதேதோ பேசினார். பிறகு என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்:

"டீச்சரே, இதுக்கு இனி என்ன செய்யறது? சொல்லித் தா."

நானாக இருந்தால் நாலு வார்த்தை குத்திக் காட்டியிருப்பேன். அவள் ஒரு காகிதத்தில் திடலை வரைந்தாள். "முள்ளு பூக்கறதுக்குள்ள வேரோட எடுத்துருங்க. நடக்கற பாதைய மட்டும் சுத்தமா வெச்சுக்கலாம், வயசானவங்களுக்கு அது போதும். மூலையில இருக்கற புதரை வெட்டிருங்க, பாம்பு அங்கதான் இருக்கும். நடுவுல வளர்றதை விதை உதிர்ந்த பொறவு அரிவாள்ல அறுத்தாப் போதும். மண்ணை மட்டும் சுரண்ட வேண்டாம், வெளிமண்ணும் வேண்டாம்" என்றாள்.

அவர் அந்தப் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி நின்றார்.

"பக்ஷே இன்னொரு காரியம். இத்தனை நாளும் போன்ல பாத்துத்தானே எல்லாம் செஞ்சே. நான் உஸ்தாத்கிட்ட கேட்டுட்டேன். படிப்புக் காரியம், தப்பில்ல, கொழப்பமில்லைன்னாரு. நீயே நேர்ல வந்து ஒரு தடவை பாரு."

அடுத்த ஞாயிறு காலை அவள் உள்ளே வந்தாள். செயலாளர் வாசலிலேயே நின்றுகொண்டார். நான் வழிகாட்டலாம் என்று முன்னால் நடந்தேன். தேவையே இருக்கவில்லை. எந்தக் கட்டத்தில் எது நிற்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். கபர்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் அளந்து கால் வைத்து நடந்தாள். ஓரிடத்தில் குனிந்து, நான் முயல்செவி என்று காட்டி எழுத வைத்த ஒன்றைப் பார்த்து, "அன்னிக்கே சந்தேகமா இருந்துச்சு, இது வேற" என்றாள். என் அம்மாவின் கபர் பக்கம் வந்ததும் நின்றாள். அதன் ஓரத்தில் கீழாநெல்லி அடர்த்தியாக இருந்தது. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அவள் ஓதினாள். நானும் ஓதினேன்.

முனைவர் பட்டத் தேர்வு எல்லோர் முன்னிலையிலும் நடக்கும் என்று எனக்கு அதற்கு முன்பு தெரியாது. கல்லூரி அரங்கில் கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். பெரும்பாலும் ஆங்கிலம். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் திரையில் எங்கள் மதில் வந்தது. கொழிஞ்சாம்பாறையின் கறுத்த மண் வந்தது, தண்ணீர் பட்டுப் பச்சையானதும் வந்தது. அப்போது அரங்கில் ஒரு சலசலப்பு. எழுந்து நின்று, நானும் அங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் கெடுபிடியானவர். தமிழ்நாட்டுக்காரர் போலிருக்கிறது, நடுவில் தமிழுக்கு மாறினார்.

"உங்க கடலோரக் களத்துல மாதிரிகளை எடுத்தது உங்க கணவர்னு போட்டிருக்கீங்க. அவர் தாவரவியல் படிச்சவரா?"

"இல்லீங்க சார். ஹார்டுவேர் கடை வெச்சிருக்காரு."

"பயிற்சியே இல்லாத ஒருத்தரை வெச்சு எடுத்த கணக்கை நான் எப்படி நம்பறது?"

என்னால் அவளுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டதே என்று நினைத்தேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"செடியை அடையாளம் கண்டது எல்லாம் நான்தாங்க சார். சட்டம் வெச்சது மட்டும்தான் அவரு. செடி தெரிஞ்சவங்க கை அறியாமலே அபூர்வமான செடி பக்கம் போகும், என் கையும் போகும். அவருக்கு எதுவுமே தெரியாது. அதனால சீட்டுல வந்த எடத்துலயே வெச்சாரு. வெறும் மணலா இருந்தாலும் மாத்தி வெக்கலை. எனக்கு இவரை விட நம்பிக்கையான ஆள் கெடைச்சிருக்க மாட்டாங்க."

அரங்கம் சிரித்தது. தேர்வாளரும் சிரித்துவிட்டார். எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். 'அவருக்கு எதுவுமே தெரியாது' என்று சொல்லி யாரும் என்னை இந்த அளவுக்கு உயர்த்தியது கிடையாது.

பிறகு அவர் பெரிய கேள்வியைக் கேட்டார். மண்ணைக் கிளறுவது நல்லதா கெட்டதா, முடிவாக ஒன்று சொல்லுங்கள் என்றார்.

"ஒண்ணு சொல்ல முடியாதுங்க சார். எந்த மண்ணு, அதோட காயம் ஆற எவ்வளவு காலமாகும்னு கேட்டுட்டுத்தான் கிளறோணும். அதுதான் என் முடிவு."

பேராசிரியர் முன்வரிசையில் இருந்து மெதுவாகத் தலையசைத்ததை நான் பார்த்தேன்.

பட்டம் அறிவித்ததும் மாணவிகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் ஒதுங்கி நின்றேன். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "காலையில இருந்து ஒண்ணும் சாப்படலைங்க, தலை சுத்துது" என்றாள். வெளியே ஒரு கடையில் பழம்பொரியும் சாயாவும் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் பள்ளியில் பரீட்சை இருக்கிறது, கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும், சீக்கிரம் போகலாம் என்று அவசரப்படுத்தினாள்.

மட்டாஞ்சேரியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்க ஐந்து நிமிடம் போதும். அன்று வெகு நேரம் பிடித்தது. சுக்குக் கிட்டங்கிக்காரர், தையல்கடைக்காரர், பழக்கடை சேட்டன் என்று வழியில் கண்ட ஒவ்வொருவரையும் நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். "போதும், வாங்க" என்று அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அடுத்த கடைப் படியில் ஏறிவிட்டேன்.